எலிப்பல்லின் ஆறாவது மேடு

மதுரையில் நாலு பேர் கூடினால் சங்கம் வைத்துவிடுவார்கள். இது பாண்டியன் காலத்து வியாதி. மற்ற ஊர்களில் நாலு பேர் கூடினால் காப்பி சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். இங்கே தலைவர், உபதலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் என்று ஆளுக்கொரு பதவியைப் பங்கிட்டுக்கொண்ட பிறகுதான் காப்பியே வரும். யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முந்தி, சிம்மக்கல்லில் ஒரு ஜவுளிக் கிடங்கின் மாடியில் அப்படித் தோன்றியதுதான் பூர்வ ஜந்து வகைப்பாட்டு மகாசபை. உலகத்தில் அழிந்துபோன பிராணிகளை வகை பிரித்துப் பெயர் வைப்பது அதன் வேலை. சபைக்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. ரப்பர் முத்திரை இருந்தது. கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி இருந்தது. பிராணி ஒன்றுதான் இல்லை. அதனால் வேலைக்கு எந்தக் குந்தகமும் ஏற்படவில்லை என்று ஆண்டறிக்கையில் தவறாமல் எழுதினார்கள்.

தலைவர் ராவ் பகதூர் வெங்கடசுப்பிரமணியன், டெபுடி கலெக்டராக இருந்து பென்ஷன் வாங்கியவர். உத்தியோக காலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதி, வந்த வழியே அனுப்பி, ஒரு தப்பும் செய்யாதவர் என்று பெயர் எடுத்தவர். காரியதரிசி ஜனகராஜ், பல் வைத்தியர். அவருடைய கடை அதே கட்டடத்தில் கீழே இருந்தது. ஜனகராஜுக்கு உடம்பின் மற்ற பாகங்களில் நம்பிக்கை கிடையாது. செத்தால் மிஞ்சுவது பல்தான், ஆகவே மனுஷன் என்பதே பல்தான், மற்றதெல்லாம் அதைத் தூக்கிச் சுமக்கிற ஏற்பாடு என்பார்.

இந்தச் சபையிடம் சிக்கியவன் சுருளி. நாகமலைக்கு மேற்கே வெள்ளப்பாறைப்பட்டியில் கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்திருந்தவன். அவனுக்குக் கிணறு கிடையாது. மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பெரியப்பா மகன் கருத்தக்கண்ணனின் கிணற்றடியில் போய் நிற்க வேண்டும். பங்காளி என்றால் எங்கள் சீமையில் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கருத்தக்கண்ணன் தண்ணீர் இல்லை என்று சொல்லமாட்டார். காலையில் வந்தவனைச் சாயங்காலம் வரைக்கும் நிற்க வைப்பார். பிறகு வாய்க்காலைத் திறந்துவிட்டு, நாலு பேர் கேட்கும்படி, தம்பி வீட்டு மிளகாயில் காரம் குறைவாக இருந்தால் அது தன் தண்ணீரின் இரக்க குணம் என்பார். சுருளியின் மனைவி மாயக்காள் இதைக் கேட்டுக்கேட்டு மனம் நொந்துபோயிருந்தாள். நமக்கென்று ஒரு கிணறு வெட்டும்வரை இந்த வீட்டில் மிளகாய் அரைக்கமாட்டேன் என்று ஒருநாள் அம்மியைக் கவிழ்த்தே போட்டுவிட்டாள்.

ஆகவே சித்திரையில் கிணறு தொடங்கினான். மச்சினன்மார் ரெண்டு பேர் கூடமாட வந்து வெட்டினார்கள். மேல்மண் போய், சுக்கான் பாறை வந்தது. அதற்கு வெடி வைத்தார்கள். அதற்கும் கீழே பாறை ஈரமாக இருந்தது. இன்னும் ஒரு வெடி வைத்தால் ஊற்றுக் கண் திறந்துவிடும் என்று தெரிந்த அன்று, சுருளி சந்தோஷத்தில் குழிக்குள்ளேயே உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்தான். வெடித்த பாறையின் தூள் விழுந்த கூழ் அது. அவனுடைய கடைவாய்ப் பல் ஒன்றில் ஏற்கெனவே பொத்தல் உண்டு. எதுவோ அதற்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. கிராம்பு வைத்துப் பார்த்தான், வேப்பங்குச்சி வைத்துப் பார்த்தான், சாமிக்கு நேர்ந்தும் பார்த்தான். கன்னம் வீங்கியதுதான் மிச்சம். சிம்மக்கல்லுக்குப் பஸ் ஏறினான்.

ஜனகராஜ் பல்லைப் பிடுங்கினார். பிடுங்கிய பல்லின் பொத்தலுக்குள் கேழ்வரகு அளவில் இன்னொரு பல் இருந்தது. அவர் அதைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து மறுபடி பார்த்தார். பிறகு சுருளியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வை சுருளிக்குப் பிடிக்கவில்லை. வலி நின்றுவிட்டது, போகிறேன் என்றான். இனிமேல் நீ நினைத்த இடத்துக்குப் போக முடியாது என்று ஜனகராஜ் கதவைச் சாத்தினார்.

அன்று மாலையே மாடியில் அவசரக் கூட்டம் நடந்தது. இங்கிலீஷ்காரன் சீமையிலே ஒரு வகை எலி உண்டாம். எலியின் உடம்பு, அணிலின் வால். குளிர் வந்தால் பொந்தில் சுருண்டு படுத்து மாதக்கணக்கில் தூங்கும். அதை உறங்கெலி என்று சபை தமிழ்ப்படுத்தியது. அந்தக் குலத்தில் பூர்வத்தில் இருந்து அழிந்துபோன பல பேரினங்கள் உண்டு. அவை யாவும் பல்லைக்கொண்டே அறியப்பட்டவை. கடைவாய்ப் பல்லின் மேல் குறுக்காகச் சின்னச் சின்ன மேடுகள் ஓடும். மேடு எத்தனை, நடுவில் பள்ளம் எத்தனை, மேடுகள் ஓரத்தில் போய்ச் சேர்கின்றனவா, பாதியில் நின்றுவிடுகின்றனவா என்பதை வைத்துத்தான் இன்ன பேரினம் என்று தீர்மானிக்க வேண்டும். இதுவரை யாரும் அறியாத ஓர் உறங்கெலிப் பேரினம் இப்போது ஒரு குடியானவனின் வாயிலிருந்து வெளிப்பட்டிருக்கிறது என்று ஜனகராஜ் அறிவித்தார். உறுப்பினர்கள் கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உபதலைவர் ஒரு வக்கீல். அவர் எழுந்து ஒரு சட்டச் சிக்கலைக் கிளப்பினார். பல் எந்த வாயில் இருந்ததோ அந்த வாய்க்குச் சொந்தக்காரனே அந்தப் பிராணி என்பதுதான் இயற்கை நியாயம். எனவே சுருளியே அழிந்துபோன உறங்கெலியாக இருக்கக்கூடுமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும் என்றார். விசாரித்தார்கள். உறுப்பினர்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகச் சுருளியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று கேட்டார்கள். வால் சம்பந்தமாகவும் கேள்வி வந்தது. கடைசியில் சுருளி அழியவில்லை என்று பெரும்பான்மையால் தீர்மானம் நிறைவேறியது. 'தற்சமயம்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டுமென்று வக்கீல் வற்புறுத்தினார். சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்தாற்போல, கிடைத்த இடத்தைப் பாதுகாப்பது. சட்டப்படி பார்த்தால் பல் கிடைத்த இடம் சுருளியின் கடைவாய். அதற்கு முந்தி இருந்த இடம் அவன் கிணறு. இரண்டையும் மூலஸ்தலங்களாகச் சபை பிரகடனம் செய்தது. வகைப்பாடு முடிகிறவரை சுருளி இடது பக்கம் மெல்லக் கூடாது, வெற்றிலையும் போடக் கூடாது. கிணற்றில் ஒரு கூடை மண்கூட அள்ளக் கூடாது. முதல் தடையை அவன் ஒரு வழியாகப் பொறுத்துக்கொண்டான். இரண்டாவது தடையைக் கேட்டதும், அது எத்தனை நாளைக்கு என்று கேட்டான்.

சபைக்கு இப்படித் தடை போட அதிகாரம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கிடையாது. ஆனால் தாலுகா கச்சேரியில் இருந்த தாசில்தார் ஒரு காலத்தில் ராவ் பகதூரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு கடிதம் போயிற்று, ஓர் உத்தரவு வந்தது. ஆறு மாதத்துக்குக் கிணற்று வேலை நிறுத்தம். தலையாரி மொக்கைச்சாமி வந்து குழியின் கரையில் சிவப்புக் கொடி நட்டு, காவலுக்கு வேப்ப மரத்தடியில் படுத்தார். அவர் எழுந்திருந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. உறங்கெலி இப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது என்று மாயக்காள் சொன்னாள்.

சபையார் வாடகைக் காரில் வந்து கிணற்றைப் பார்வையிட்டார்கள். ஊரே கூடியது. ராவ் பகதூர் கொடிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

"மகாஜனங்களே, இந்தக் குழியில் தண்ணீர் வந்தால் ஒரு குடியானவனுக்கு லாபம். வராவிட்டால் விஞ்ஞானத்துக்கு லாபம். குடியானவன் இன்றைக்கு இருப்பான், நாளைக்குப் போய்விடுவான். அழிந்துபோன பிராணியோ ஒருநாளும் நம்மைவிட்டுப் போகாது. நான் சர்க்கார் சேவையில் இருந்த காலம் முழுவதும் உயிரோடு இருந்தவர்கள்தான் எனக்குத் தொந்தரவு கொடுத்தார்கள். ஒரு மனுவாவது போட்டது உண்டா இந்த எலி?"

சுருளி முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு, ஐப்பசி மழைக்குள் சுற்றுச்சுவர் கட்டாவிட்டால் குழி சரிந்து மூடிவிடும் என்று சொன்னான். கிணறு போனால் இன்னொரு கிணறு வெட்டத் தன்னால் முடியாது என்றும் சொன்னான். அதற்குள் முடித்துவிடலாம் என்றார் ராவ் பகதூர். ஒரு பல்லில் மேடு எத்தனை என்று எண்ண எவ்வளவு நேரம் ஆகும் என்று சிரித்தார். கூட்டத்தில் கருத்தக்கண்ணனும் சிரித்தார்.

எண்ணத் தொடங்கினார்கள். ராவ் பகதூர் பூதக்கண்ணாடியில் பார்த்து ஐந்து மேடு என்றார். ஜனகராஜ் பார்த்து ஆறு என்றார். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் மங்கலாக ஒன்று ஓடுகிறது, அது ஓரத்தில் சேராமல் பாதியில் நிற்கிறது, அதுதான் இந்தப் பேரினத்தின் உயிர் நாடி என்றார். ஐந்து மேடு என்றால் ஒரு பேரினம், ஆறு மேடு என்றால் வேறு பேரினம். கிரேக்க பாஷையில் 'மிஸ்' என்றால் எலியாம். ஐந்து என்று தீர்ந்தால் அதற்கு வெங்கடோமிஸ் என்றும், ஆறு என்று தீர்ந்தால் ஜனகோமிஸ் என்றும் பெயர் வைப்பதென்று அவரவர் கட்சியார் வாழ்த்துப்பாவே எழுதி வைத்திருந்தார்கள்.

ஆடி மாதக் கூட்டத்தில் ஒரு நடுநிலையாளர், ஆறாவது மேடு என்று சொல்லப்படுவது சுருளி குடித்த கம்பங்கூழின் காய்ந்த பொருக்காக இருக்கலாம், பல்லைத் தண்ணீரில் கழுவிப் பார்க்கலாமே என்றார். சபை அதிர்ந்துபோயிற்று. வகைப்பாடு முடிவதற்கு முன்னால் மாதிரியைக் கழுவக் கூடாது என்பது விதி. கழுவாமல் வகைப்பாடு முடியாது என்பது நிலைமை. விதிக்கும் நிலைமைக்கும் தகராறு வந்தால் விதியையே பின்பற்ற வேண்டும் என்பது இன்னொரு விதி. நடுநிலையாளரைச் சபையிலிருந்து விலக்கினார்கள்.

ஆவணியில் உறங்கெலியின் குணநலன்கள் பற்றி விசேஷச் சொற்பொழிவு நடந்தது. எப்போது முடியும் என்று கேட்கப் போன சுருளி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ராவ் பகதூர் சொன்னார்: "இந்தப் பிராணியைச் சோம்பேறி என்று சிலர் ஏசுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். வருஷத்தில் பாதி தூங்கியும் அதன் பதவிக்கு ஒரு பங்கமும் வரவில்லை. விழித்திருந்த பாதியில் என்ன செய்தது? தின்றது. அதுவும் கடமைதான். நான் ஒரு தாலுகாவில் மூன்று வருஷம் இருந்தேன். அந்த மூன்று வருஷமும் அங்கே யாதொரு சம்பவமும் நிகழவில்லை என்று மேலதிகாரி பாராட்டி எழுதினார். சம்பவம் நிகழாமல் பார்த்துக்கொள்வது லேசான காரியமல்ல. உறங்கெலிக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்."

பலத்த கரகோஷம். சுருளி எழுந்து நின்றான்.

"சாமி, எலியத்தான் காணோம். அதோட பொந்தையாச்சும் எனக்கு விட்டுருங்க. மழை வந்துரும் போலருக்கு."

கண்டுபிடித்தவர்கள் கூட்டத்தில் பேசக் கூடாது, கண்டுபிடிப்பு கெட்டுவிடும் என்று வக்கீல் அவனை உட்கார வைத்தார். அன்று ஊர் திரும்பிய சுருளி சாப்பிடவில்லை. மிளகாய் நாற்று வாடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் போய்க் கருத்தக்கண்ணனின் கிணற்றடியில் நின்றான். சாயங்காலம் வரை நின்றான். எலிப் பொந்தில் தண்ணீர் வந்ததா தம்பி என்று அவர் கேட்டார். சுருளிக்கு அழுகை வந்தது. முகத்தில் விழுந்த வெயிலைத் துடைப்பதுபோலத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

புரட்டாசியில் இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் உடன்பட்டன. பல்லைப் பெரிதாக்கி ஒரு படம் வரைந்தால் மேடுகள் விளங்கிவிடும். அதோடு, ஆறு மாதத் தடை முடியப் போகிறது. மேலும் ஒரு வருஷம் நீட்டும்படி தாசில்தாருக்கு எழுதும் மனுவோடும் அந்தப் படத்தை வைத்து அனுப்பலாம். படம் வரையக் கண்ணுச்சாமி என்பவரை அமர்த்தினார்கள். அவர் நில அளவை இலாகாவில் படம் போடுகிறவர். பிறந்ததிலிருந்து வயலைத் தவிர வேறொன்றும் வரைந்தறியாதவர். பொண்டாட்டி முகத்தை வரையச் சொன்னாலும் நாலு மூலையில் கல் நட்டுத்தான் வரைவார் என்று அவர் நண்பர்களே சொல்வார்கள்.

கண்ணுச்சாமி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாள் பூராவும் பல்லைப் பார்த்தார். பிறகு துணி ஒட்டிய பெரிய காகிதத்தில், தன் இலாகா வழக்கப்படியே வரைந்தார். பல்லின் மூலைகளுக்கு எல்லைக் கல். மேடு ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கோடு. நடுப்பள்ளத்துக்கு நீலச் சாயம். தகராறில் இருக்கிற ஆறாவது மேட்டுக்குப் புள்ளிக் கோடு. தகராறில் உள்ள எல்லையை அப்படித்தான் போடுவார்கள். மேலே வடக்கு எது என்று ஓர் அம்பு. பல்லுக்கு வடக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கீழே வழக்கம்போல ஊர் பெயரும் ஆள் பெயரும்: வெள்ளப்பாறைப்பட்டி, சுருளி. சபையார் பார்த்து அசந்துபோனார்கள். ஐந்து மேட்டுக் கட்சிக்கு ஐந்து தெரிந்தது, ஆறு மேட்டுக் கட்சிக்கு ஆறு தெரிந்தது. எல்லோருக்கும் பரம திருப்தி.

படமும் மனுவும் தாலுகா கச்சேரிக்குப் போயின. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த உறை வந்தாலும் பிரித்து, எழுத்துக் காகிதத்தை ஒரு குமாஸ்தாவிடமும் படத்தை இன்னொரு குமாஸ்தாவிடமும் கொடுத்துவிடுவார்கள். எழுத்து பார்க்கிறவர் படம் பார்க்கக் கூடாது. படம் பார்க்கிறவர் எழுத்து பார்க்கக் கூடாது. வேலை துரிதமாக நடக்க வேண்டும் என்பதற்காக யாரோ ஒரு துரை செய்துவைத்த ஏற்பாடு. மனு எங்கேயோ ஓர் அடுக்கின் அடியில் போய்ப் படுத்தது. படம் மட்டும் சுறுசுறுப்பாக நகர்ந்தது. அதைப் பார்த்த குமாஸ்தா திடுக்கிட்டார். எல்லைக் கல் இருக்கிறது, வரப்பு இருக்கிறது, உடையவன் பெயர் இருக்கிறது. சர்வே நம்பரைக் காணோம். கணக்கில் வராமல் ஒரு நிலம் இத்தனை வருஷம் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு வாரத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நல்லகாமன் அளவுச் சங்கிலியோடு வெள்ளப்பாறைப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். ஊரைச் சுற்றித் தேடினார். படத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். வடக்கு அம்பைப் பிடித்துக்கொண்டு நாகமலை அடிவாரம் வரைக்கும் நடந்தார். கடைசியில் சுருளியைக் கூப்பிட்டு, நிலத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார். சுருளி படத்தை உற்றுப் பார்த்தான். அவனுக்கும் முதலில் வயல் என்றுதான் பட்டது. நல்ல வயல், யாருடையதோ என்று நினைத்தான். பிறகுதான் புரிந்தது.

"ஐயா, இது வயலு இல்லீங்க. எலியோட பல்லு."

நல்லகாமன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "ஏப்பா, வரப்புல எலி இருக்கும், பாத்துருக்கேன். எலியில வரப்பு இருக்குமா?"

இருக்கிறது என்று சொல்லித்தான் சிம்மக்கல்லில் ஆறு மாதமாகச் சண்டை நடக்கிறது என்று சுருளி சொன்னான். சர்க்காரைக் கேலி செய்வது தனிக் குற்றம் என்று நல்லகாமன் குறித்துக்கொண்டார்.

தாசில்தார் ரிப்போர்ட்டைப் படித்தார். நிலத்தைத் தரையில் காணவில்லை என்று நல்லகாமன் தயங்கித் தயங்கி எழுதியிருந்தார். தாசில்தார் அதன் ஓரத்தில் எழுதிய குறிப்பை அந்தக் கச்சேரியில் வெகுகாலம் மேற்கோளாகச் சொல்லிவந்தார்கள்: 'நிலம் படத்தில் இருக்கிறது. தரையில் இல்லாமல் போனது தரையின் குறை, இலாகா பொறுப்பல்ல.' அப்புறம் வகைப்பாடு. நஞ்சையா, புஞ்சையா, தரிசா? இத்தனை நெருக்கமாக வரப்பு போட்டு, நடுவில் நீலப் பள்ளமும் வைத்திருப்பவன் புஞ்சைப் பயிர் செய்யமாட்டான் என்று தீர்மானமாயிற்று. சபையில் ஆறு மாதமாக முடியாத வகைப்பாடு கச்சேரியில் ஒரு டீக்குள் முடிந்துவிட்டது. நஞ்சை.

பட்டா வந்தது. கூடவே உத்தரவும் வந்தது. மேற்படி நஞ்சைக்கு நீராதாரம் இல்லாதது விதி விரோதம். மேற்படி சுருளி தான் பாதியில் போட்டுவைத்திருக்கும் கிணற்றை உடனே வெட்டி முடிக்க வேண்டும்; தவறினால் தண்டனை. இதே கச்சேரி வெட்டக் கூடாது என்று போட்ட உத்தரவும் அமலில்தான் இருந்தது. வெட்டினாலும் குற்றம், வெட்டாவிட்டாலும் குற்றம். சுருளி இரண்டையும் மடியில் முடிந்துகொண்டு மறுபடி சிம்மக்கல் மாடிக்குப் போனான்.

ராவ் பகதூர் உத்தரவைக் கையில் வாங்கினார். ரெவின்யூ முத்திரையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நின்றபடியே இரண்டு தரம் படித்தார்.

"நண்பர்களே, நாம் தவறு செய்துவிட்டோம். இதை ஒரு பிராணி என்று நினைத்தோம். ரெவின்யூ இலாகா இது நிலம் என்கிறது. கண்ணால் பார்த்தேன், பூதக்கண்ணாடியால் பார்த்தேன் என்று நீங்கள் சொல்லலாம். கண் தப்புச் செய்யும். நான் சேவை செய்த இலாகா தப்புச் செய்து நான் பார்த்ததில்லை. செய்திருந்தாலும் நான் பார்த்திருக்கமாட்டேன். பட்டா வாங்கிய ஒரு வஸ்து இனிமேல் எலியாக இருக்க முடியாது. தடையை வாபஸ் வாங்கும்படி இன்றைக்கே கச்சேரிக்கு எழுதுகிறேன்."

ஜனகராஜ் துடித்துப்போனார். ஆறாவது மேட்டைக் கைவிடமாட்டேன் என்று பல்லை டப்பாவோடு எடுத்துக்கொண்டு படியிறங்கினார். எதிர் மாடியில் அடுத்த வெள்ளிக்கிழமையே அவர் தலைமையில் வேறொரு மகாசபை தொடங்கியது. பாவம், அந்தப் பல்லை உண்மையாகவே நேசித்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

சுருளிக்கு இதையெல்லாம் நின்று கேட்க நேரமில்லை. ஊருக்கு ஓடிவந்தான். கொடியைப் பிடுங்கி மொக்கைச்சாமியின் தலைமாட்டில் வைத்தான். மச்சினன்மார் வந்தார்கள். கடைசி வெடி வைத்தார்கள். புகை அடங்குவதற்குள் குழியில் சலசலவென்று சத்தம் கேட்டது. மாயக்காள் வடத்தைப் பிடித்து இறங்கி, தண்ணீரில் இரண்டு கையையும் முக்கி, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சுற்றுச்சுவர் முடிந்து நாலாம் நாள் ஐப்பசி மழை பிடித்தது. கிணறு அசையவில்லை. வீட்டில் அம்மி நிமிர்ந்தது.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கிணற்றுக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் நடுவில் கருத்தக்கண்ணனுக்குப் பாறைப்பாங்கான ஒரு துண்டு நிலம் இருந்தது. வாய்க்கால் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். மழை ஓய்ந்து, மாடு பூட்டி நீர் இறைக்கக் கமலை கட்டிய அன்று அவர் வந்து குறுக்கே நின்றார். தண்ணீர் தம்பியுடையது, தரை என்னுடையது, தண்ணீர் வேண்டுமானால் பறந்து போகட்டும் என்றார். சுருளி கெஞ்சினான். ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கேட்டான். அவர் அசையவில்லை. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது. பார்க்கப் பார்க்க மிளகாய்ச் செடி இலை சுருண்டது.

இந்தச் சமயத்தில் கணக்குப்பிள்ளை மூலமாகக் கருத்தக்கண்ணன் காதுக்கு ஒரு செய்தி போயிற்று. மொத்த ஊருக்கும் புஞ்சை. சுருளி பெயரில் மட்டும் நஞ்சைப் பட்டா. அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்ச் சாவடியில் பிராது வைத்தார். எல்லோர் முன்னாலும் சுருளியைக் கேட்டார்.

"எலிப் பல்லுன்னு கதை விட்டு ஊர ஏமாத்தலாம், என்னைய ஏமாத்த முடியாது. இது எங்க தாத்தன் சொத்து. ஒங்கப்பன் மறச்சு வச்சுக்கிட்டாரு. எனக்குப் பாதி வந்தாகணும்."

சுருளி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து மாயக்காள் முந்திக்கொண்டாள்.

"பாதி எதுக்குங்க? பூராத்தையும் ஒங்க அண்ணனுக்கே எழுதிக் குடுத்துருங்க. நமக்கு அந்த வாய்க்கா போற துண்டு போதும்."

கருத்தக்கண்ணன் அவளை நம்பாமல் பார்த்தார். பாறைத் துண்டுக்கு நஞ்சையா? பெண்புத்தி என்று முடிவுகட்டி, அவர்கள் மனம் மாறுவதற்குள் மறுநாளே பத்திர ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிலம் எங்கே இருக்கிறது என்று எழுத்தர் கேட்டபோது, தாலுகா கச்சேரிப் படத்தில் இருக்கிறது என்று சுருளி உள்ளதை உள்ளபடியே சொன்னான். படத்தைப் பார்த்ததும் கருத்தக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இம்புட்டு வரப்பா என்றார். புள்ளிக் கோட்டையும் சேர்த்து ஆறு என்று அவரே எண்ணி, ஆறும் தனக்கே என்று எழுதச் சொன்னார். சபையால் முடியாத கணக்கு அப்படித்தான் தீர்ந்தது.

சுருளி மறுநாள் வாய்க்கால் வெட்டினான். தண்ணீர் தோட்டத்துக்குள் போனபோது செடிகளின் நடுவில் வெறுமனே நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

கருத்தக்கண்ணன் நஞ்சையைத் தேடினார். சங்கிலி பிடிக்க ஆள் வைத்தார். கச்சேரிக்குப் போய்க் கேட்டார். தீர்வையைக் கட்டிவிட்டுத் தேடும்படி சொன்னார்கள். கட்டினார். நிலமே இல்லை என்று மனு எழுதலாமா என்று யோசித்தார். எழுதினால் ஏமாந்து பாறைத் துண்டை இழந்ததை ஊரறிய ஒப்புக்கொண்டதாகும். அதனால் கோடை வரைக்கும் என் நஞ்சை, என் நஞ்சை என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். சித்திரையில் கச்சேரியிலிருந்து நோட்டீஸ் வந்தது. மேற்படி நஞ்சை நீர் பாய்ச்சாமல் காயப் போடப்பட்டிருக்கிறது, உடனே பாய்ச்ச வேண்டும், தவறினால் தண்டனை. அவருடைய சொந்தக் கிணறு அந்தக் கோடையில் அடிமண் தெரிய வற்றிக் கிடந்தது.

ஒரு காலைப்பொழுதில் அவர் சுருளியின் கிணற்றடிக்கு வந்தார். சுருளி கமலை இறைத்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் மாட்டை நிறுத்தினான். அவரைக் காத்திருக்க வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"தம்பி, அந்த நஞ்சைக்கு ஒரு தண்ணி விடணும்டா. நோட்டீசு வந்துருக்கு."

"அதுக்கென்னண்ணே, இப்பவே விடுறேன்" என்றான் சுருளி. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையருகில் போய் நின்றான். "எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டும் கையக் காட்டுங்க."

கருத்தக்கண்ணன் கையைத் தூக்கினார். நாகமலைப் பக்கம் பார்த்தார், ஊர்ப் பக்கம் பார்த்தார். தூக்கிய கை எங்கே திரும்புவது என்று தெரியாமல் அப்படியே நின்றது.